மூன்று சோபா, ஒரு கதவு: சார்த்தரின் ‘மீள முடியுமா?’ நாடகத்தைச் சிறு குழு மேடையேற்றுவதற்கான கையேடு

நடிகர்களை முடிவு செய்த மறுநாளே சோபா தேடத் தொடங்குங்கள். பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான ழான்-பால் சார்த்தர் எழுதிய இந்த ஓரங்க நாடகம் 1944 மே மாதம், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில், வியூ-கொலம்பியே அரங்கில் ரேமோன் ரூலோவின் இயக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அது கேட்கும் பொருள்கள் மிகக் குறைவு: மூன்று சோபா, கணப்படுப்பின் மேல்தட்டில் ஒரு வெண்கலச் சிலை, காகிதம் வெட்டும் கத்தி, அழைப்பு மணி, அணைக்க முடியாத விளக்கு, ஒரு கதவு. நடிகர்கள் நால்வர். நேரம் எண்பது முதல் தொண்ணூறு நிமிடம். சிறு குழுக்கள் இதை விரும்பி எடுப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். ஆனால் மேடையில் ஆறே பொருள்கள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் பார்வையாளர் தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்று பொய்யாகத் தெரிந்தாலும் அறை முழுவதும் பொய்யாகிவிடும்.

கதை எளியது. இறந்துபோன மூன்று பேர், கார்சேன், இனேஸ், எஸ்தேல், நரகத்தில் ஓர் அறைக்குள் ஒரு பணியாளரால் விடப்படுகிறார்கள். சன்னல் இல்லை, முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை, தூக்கம் இல்லை. இருவர் நெருங்கும்போதெல்லாம் மூன்றாமவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடமோ விளக்கோ அசைவோ, இயக்குநர் எடுக்கும் எந்த முடிவையும் ஒரே கேள்வியில் வைத்துச் சோதிக்கலாம்: மூன்றாமவர் இப்போது எங்கிருந்து பார்க்கிறார்? இதற்கு விடை இருந்தால் தத்துவம் தானாக மேடைக்கு வந்துவிடும். விடை இல்லாவிட்டால் பார்வையாளருக்குத் தரும் நிகழ்ச்சிக் கையேட்டில் எத்தனை பக்கம் இருத்தலியல் விளக்கம் அச்சிட்டாலும் பயனில்லை.

பிரதியும் உரிமையும்

சார்த்தர் 1980இல் இறந்தார். ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டு காப்புரிமை தரும் நாடுகளில் இந்த நாடகம் 2050 முடியும்வரை காப்புரிமைக்குள் இருக்கும். மூலத்துக்கு ஓர் அனுமதி, நீங்கள் எடுத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்புக்கு இன்னொரு அனுமதி, இரண்டும் வேண்டும். தமிழில் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பு ‘மீள முடியுமா?’ என்ற பெயரில் உண்டு. பதில் வர நாளாகும் என்பதால் அரங்கேற்றத்துக்கு நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா, எங்கே வெட்டப் போகிறீர்கள் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதம் மிச்சம்.

இனேஸ் பாடும் பாட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வரிகள் சார்த்தருடையவை. பாடகி ஜூலியெட் கிரெகோ பாடிப் பரவிய மெட்டு இசையமைப்பாளர் ஜோசப் கோஸ்மாவுடையது, அதற்கு உரிமை வேறு. உங்கள் குழுவில் ஒருவரே நான்கு சுரத்துக்குள் சுற்றும் எளிய மெட்டு ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. பாட்டுப் பயிற்சி இல்லாத ஒருத்தி வாய்க்குள் முணுமுணுப்பதுபோல இருந்தால்தான் அந்த இடம் நிற்கும்.

எந்தப் பிரதியை எடுத்தாலும் ‘நீங்கள்’, ‘நீ’ இரண்டும் எங்கே மாறுகின்றன என்று முதல் வாசிப்பிலேயே வண்ணப் பென்சிலால் குறியுங்கள். மூலத்தில் இந்த மாற்றம் கவனத்தோடு வைக்கப்பட்டிருக்கிறது. இனேஸ் உரிமையோடு ஒருமைக்கு இறங்குவதும், எஸ்தேல் அதற்கு இணங்கத் தயங்குவதும் ஒரு சண்டைக்குச் சமம். ஒத்திகையில் நடிகர்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிப் பேசினால் அந்தப் படிகள் எல்லாம் அழிந்துவிடும்.

வெட்டுவதாக இருந்தால் மொத்தத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பலர் முதலில் கை வைப்பது பணியாளரும் கார்சேனும் பேசும் தொடக்கக் காட்சியில். அது கூடாது. சிலை, மணி, விளக்கு, கத்தி எல்லாம் பார்வையாளருக்கு அறிமுகமாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். பின்னால் வரும் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் வித்து அங்கே விழுகிறது.

சோபாக்களும் முக்கோணமும்

இருவர் அமரும் சோபா, அகலம் 140 முதல் 150 செ.மீ., இருக்கை உயரம் 42 முதல் 45 செ.மீ. பிரதி பிரான்சின் இரண்டாம் பேரரசுக் காலப் (பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி) பாணியைக் கேட்கிறது. வளைந்த மரக்கால், தைத்த முதுகு இவை தெரிந்தால் போதும். மூன்றும் ஒரே தொகுதியாக இருக்கக் கூடாது. எஸ்தேல் வெளிர்நீல உடையில் வந்து, தனக்கு ஒதுக்கிய பசலைப் பச்சைச் சோபாவில் உட்கார மறுக்கிறாள், இனேஸின் ஒயின் சிவப்பும் சரிவராது என்கிறாள், கார்சேனுடையதைப் பெற்றுக்கொள்கிறாள். ஆக, துணியும் உடையும் ஒரே நாளில், மேடை விளக்கின் கீழ் வைத்து முடிவு செய்யப்பட வேண்டும். கடை வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது மஞ்சள் விளக்கில் பழுப்பாகிவிட்டால் அந்த வசனம் முழுக்க வீண்.

பழைய சோபா என்றால் இருக்கை அமுங்கும். எழுந்திருக்க நடிகர் கையூன்றித் தள்ள வேண்டியிருந்தால் கோபமாக எழும் இடமெல்லாம் கெடும். மெத்தைக்குக் கீழே 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். கால்களின் அடியில் ஃபெல்ட் ஒட்டுங்கள், இல்லையென்றால் மௌனத்தின் நடுவே கீச்சிடும்.

5 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் இருந்தால் நடிக்கும் இடம் போதும். சோபாக்களை ஒரே வரிசையில் பார்வையாளரை நோக்கிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் மூவரும் எதிரே பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள், ஒருவரையொருவர் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். சமபக்க முக்கோணமும் வேண்டாம், அது எப்போதும் சமாதானமாகத் தெரியும். கார்சேனின் சோபாவை நடுவே, சற்றுப் பின்னால் வையுங்கள். இனேஸுடையது முன்பக்கம் ஓர் ஓரம், சுமார் 40 பாகை திரும்பி. பச்சைச் சோபா மறுபக்கம், நடுச் சோபாவிலிருந்து இன்னும் அரை மீட்டர் விலகி. சோபா மாற்றம் நடந்ததும் எஸ்தேல் தானாகவே நடுவில் வந்து சேர்வாள், மற்ற இருவரின் பார்வையும் அவளைக் கடந்துதான் போக வேண்டும். இந்த ஒரு இடமாற்றம் அடுத்த ஒரு மணி நேரத்து இயக்கத்தில் பாதியை உங்களுக்காகச் செய்துவிடும்.

நடுச் சோபாவுக்கும் இனேஸின் சோபாவுக்கும் இடையே 80 செ.மீ. வழி விடுங்கள். அதற்குக் குறைந்தால் உடை உரசும், கூடினால் தப்பிக்க இடம் இருப்பதாகத் தோன்றும்.

பார்வையாளர் மூன்று பக்கமும் அமரும் அமைப்பு இந்த நாடகத்துக்குப் பொருந்தும். நான்கு பக்கம் முடியாது. கதவுக்கும் கணப்படுப்புக்கும் ஒரு சுவர் வேண்டும். பின்சுவராக 2.4 மீட்டர் உயர ஃப்ளாட்கள் (மரச்சட்டத்தில் அடித்த மேடைச் சுவர்த்துண்டுகள்) நான்கோ ஐந்தோ போதும், மேற்கூரை தேவையில்லை. மேடையில் எதுவும் பிரதிபலிக்கக் கூடாது. முகப்பு இருக்கையில் உட்கார்ந்து, விளக்கெல்லாம் போட்டு, பளபளக்கும் ஒவ்வொன்றையும் தேடுங்கள்: கதவுக் குமிழ், வார்னிஷ் பூசிய மரம், கார்சேனின் கைக்கடிகாரம், எஸ்தேலின் கைப்பை மூடி. மங்கல் தெளிப்பான் அடித்துவிடுங்கள் அல்லது அகற்றுங்கள். கண்ணாடி கேட்டு எஸ்தேல் தவிக்கும்போது அவள் பின்னாலேயே ஒன்று மின்னினால் காட்சி அங்கேயே முடிந்தது.

சிலை, மணி, கத்தி

விளக்கை உடைக்கச் சிலையைத் தூக்கிப் பார்க்கிறான் கார்சேன், அசைக்க முடியவில்லை. தெர்மாகோல் சிலையைக் கனமானதுபோல நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அடித்தளத்திலிருந்து இரண்டு போல்ட்டுகளை மேல்தட்டின் வழியாக இறக்கி நட் முடுக்குங்கள், நடிகர் நிஜமாகவே முழு பலத்தோடு இழுக்கட்டும். இழுத்தால் கணப்படுப்பே சாயும் என்பதால் அதன் உள்ளே 25 கிலோ மணல்மூட்டை வையுங்கள்.

மணி பணியாளர் இருக்கும்போது அடிக்கும், அவர் போன பின் அடிக்காது. பொத்தானை எதனுடனும் இணைக்க வேண்டாம். மேடைக்கு வெளியே உதவியாளர் கையில் பேட்டரி மணி ஒன்று இருக்கட்டும். ஒலிபெருக்கியில் போட்ட மணி கூடத்தின் வேறு மூலையிலிருந்து வரும், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கத்தி 20 முதல் 22 செ.மீ. நீளம், முனை உருண்டை, மரத்தில் செய்து உலோகச் சாயம் பூசியது. உள்ளே போய்வரும் ஸ்பிரிங் கத்தி வாங்காதீர்கள். ஸ்பிரிங் சிக்கினால் அது நிஜக் குத்து. முடிவில் எஸ்தேல் இனேஸைக் குத்தும்போது குத்து விழும் திசை எப்போதும் பார்வையாளருக்கு மறுபக்கமாக, உடலிலிருந்து ஒரு சாண் விலகி. காட்சி தொடங்குமுன் கத்தி அதன் இடத்தில் இருக்கிறதா என்று மேடை மேலாளர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இனேஸ் ஏற்கெனவே இறந்தவள் என்பது அந்தக் குத்தில்தான் நகைப்பாக வெடிக்கிறது. கத்தி இல்லாமல் முடிவு இல்லை.

கதவு

நாடகத்தின் கடைசிப் பகுதியில் கார்சேன் கதவை இடிக்கிறான், எந்தச் சித்திரவதையும் இதைவிட மேல் என்கிறான். கதவு சட்டென்று திறக்கிறது. யாரும் போவதில்லை. குழுவின் தச்சர் தன் நேரத்தில் பாதியை இந்த ஒரு கணத்துக்குக் கொடுக்கலாம்.

கதவு மேடைக்கு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அப்போதுதான் அவன் தடுமாறுவான். 18 மி.மீ. பிளைவுட், 85 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம். எடை இருபது கிலோவை நெருங்கும். ஆகவே மூன்று கீல். உள்ளீடற்ற மலிவுக் கதவை இடித்தால் அட்டைப்பெட்டிச் சத்தம் வரும். சட்டத்தின் பின்னால் இருபுறமும் முக்கோணத் தாங்கி, ஒவ்வொன்றின் மேலும் 20 கிலோ. அப்படியும் ஃப்ளாட் அதிர்ந்தால் சட்டத்தைப் பக்கத்து ஃப்ளாட்களிலிருந்து பிரித்து ஒரு விரல் இடைவெளி விட்டு, மேலே மரச்சட்டம் அடித்து மறையுங்கள். அடியில் 5 மி.மீ. இடைவெளி வேண்டும். மேடைத் தளம் எங்கும் சமமாக இருக்காது, முதல் நாள் சரியாகத் திறந்த கதவு அரங்கம் மாறியதும் தரையில் பிடிக்கும்.

மின்காந்தப் பூட்டு வசதியாகத் தோன்றும். மின்சாரம் ஒரு நொடி போனாலும் கதவு தானாகத் திறந்துவிடும், நாடகம் அங்கேயே தொலைந்தது. வெளியே ஓர் ஆள், கையில் ஒரு தாழ்ப்பாள், அதுவே பாதுகாப்பு. அவருக்கு மேடை தெரியாது என்பதால் குறிப்பு எண்ணிக்கையாக இருக்கட்டும்: கடைசி வாக்கியத்துக்குப் பின் மூன்று இடி, நான்காவது இடிக்குக் கை இறங்கும்போது தாழ் விலகுகிறது. கை கதவில் படாமல் காற்றில் போவதால் தடுமாற்றம் நடிக்காமலே வரும். முன்னே வைத்த காலில் எடை தாங்கப் பழக்குங்கள். வெளியே 1.5 மீட்டருக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

வெளியே என்ன தெரிய வேண்டும்? கருந்துணி, புகை, சிவப்பு வெளிச்சம் எதுவும் வேண்டாம். அறையின் நிறத்திலேயே ஒரு நடைபாதைச் சுவர், அதே விளக்கு. போகலாம் என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். பயமுறுத்தும் இருட்டைக் காட்டினால் இருட்டுக்குப் பயந்து நின்றார்கள் என்றாகிவிடும். திறந்த பின் மௌனம் பத்து நொடியாவது. ஒத்திகையில் நடிகர்களுக்கு அது நீளமாகப் படும், நான்கு நொடியில் பேசிவிடுவார்கள். மேலாளர் கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு முதல் மூன்று ஓட்டத்திலும் பிடித்து வைத்தால் பழகிவிடும்.

விளக்கு

பணியாளர் சொல்வதுபோல இந்த அறையில் விளக்கு அணையாது. அதனால் நாடகத்துக்குள் இருட்டடிப்பு இல்லை. பார்வையாளர் உள்ளே வரும்போதே மேடை முழு வெளிச்சத்தில், வெறுமையாக இருக்கட்டும். மூன்று சோபாவையும் அவர்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அமரட்டும்.

பாத்திரங்கள் பூமியில் தங்களைப் பற்றிப் பேசுவோரைக் ‘காணும்’ இடங்களில் தனி ஸ்பாட் போடும் ஆசை எல்லா ஒளியமைப்பாளருக்கும் வரும். போடாதீர்கள். ஸ்பாட் விழுந்ததும் மற்ற இருவரும் மறைகிறார்கள், மூன்றாமவரின் பார்வை காணாமல் போகிறது. எஸ்தேல் தன் பழைய தோழியும் காதலனும் ஆடுவதைப் பார்க்கும்போது இசை ஒலிக்க விடுவதும் இதே தவறு. அந்த இசை அவளுக்கு மட்டும் கேட்கிறது. பார்வையாளருக்கு அவளும், அவளைப் பார்க்கும் இருவரும் தெரிந்தால் போதும்.

மேடையை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 45 பாகையில் இரண்டு முன்விளக்கு; கூடவே 25 பாகைத் தாழ்வில் இரண்டு மெல்லிய நிரப்பு விளக்கு. இந்தக் கடைசி இரண்டையும் சிக்கனத்துக்காக விட்டுவிடாதீர்கள். மேலிருந்து மட்டும் ஒளி வந்தால் புருவ நிழலில் கண் புதைந்துவிடும். கண் தெரியாமல் இந்த நாடகம் இல்லை. நிறம் நடுநிலை வெள்ளை. ஹாலஜன் விளக்கு என்றால் தொண்ணூறு நிமிடத்தில் மேடை கொதிக்கும். எல்இடி கிடைத்தால் அதன் விசிறிச் சத்தத்தை வெற்று அரங்கில் கேட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஒத்திகை

ஆறு வாரம், வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி, மொத்தம் 72 மணி நேரம். உட்கார்ந்து வாசிப்பதற்கு ஐந்து நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். தத்துவ விவாதம் சுவையானது, ஆனால் ஆறாம் நாள் முதல் அது எழுந்து நடிப்பதைத் தள்ளிப்போடும் வழியாகிவிடும். தரையில் டேப் ஒட்டி, நிஜ சோபாவோடு இரண்டாம் வாரமே எழுந்துவிடுங்கள். மூன்றாம் வார முடிவில் பிரதி கையில் இருக்கக் கூடாது.

பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘பார்வை வரைவு’ ஒன்று எழுதுங்கள்: யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்ப்பதைத் தவிர்க்கிறார். பிறகு வசனமே இல்லாமல், பார்வையும் இடமாற்றமும் மட்டும் வைத்து முழு நாடகத்தையும் இருபது நிமிடத்தில் ஓட்டிப் பாருங்கள். வெளியாள் ஒருவருக்குக் கதை புரிந்தால் வரைவு சரி. மூவரும் வந்த பின் யாரும் மேடையை விட்டுப் போவதில்லை. பேசாதிருக்கும் நடிகர் ‘தன் முறை வரட்டும்’ என்று அணைந்துவிடுவதே இந்த நாடகத்தில் அதிகம் கண்ட நோய். குறிப்பு சொல்லும்போது பேசியவரை விட்டுவிட்டு மற்றவரிடம் முதலில் பேசுங்கள்.

பாத்திரங்களில் சறுக்கும் இடங்கள் சில. பணியாளரைப் பிசாசாக்காதீர்கள்; பல வருடம் விடுதியில் வேலை பார்த்துச் சலித்தவர் அவர். இமைக்காமல் பார்ப்பது கார்சேனோடு நேருக்குநேர் நிற்கும் இரண்டு மூன்று இடங்களில் போதும், முழுக் காட்சிக்கும் முயன்றால் கண்ணீர் வழியும். இனேஸை வேட்டைக்காரியாக நடித்தால் எளிது, தட்டையும்கூட. அந்த அறையில் தான் ஏன் வந்தோம் என்று பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். எஸ்தேல் வெறும் அலங்காரப் பொம்மை என்றால் தன் குழந்தையை ஏரியில் எறிந்ததை அவள் சொல்லும் இடம் நம்பும்படி இராது. கார்சேன் தன்னிரக்கத்தில் வழிந்தால் பார்வையாளர் அவனைக் கைவிட்டுவிடுவார்கள். கோழையா இல்லையா என்று அவன் கேட்பது பதில் வேண்டித்தான், அழுவதற்காக இல்லை.

‘நரகம் என்பது பிறர்தான்’ என்ற அந்தப் புகழ்பெற்ற வரியைச் சுவரொட்டியில் போட்டுவிட்டால் மேடையில் அது வரும்போது கூடம் காத்திருக்கும். போடாதீர்கள். கார்சேன் அதைச் சிலையைத் தொட்டபடி, இனேஸின் பார்வை தன்மேல் இருப்பதை உணர்ந்து சொல்லட்டும், முகப்பைப் பார்த்து வேண்டாம். பிறருடன் உறவே நஞ்சு என்று அதற்குப் பொருள் கொள்வதைச் சார்த்தரே 1965இல் மறுத்தார். உறவு திரிந்துபோனால்தான் பிறர் நரகமாகிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். நடிகருக்கு இது உடனே உதவும்: அவன் உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை, தன்னிடம் இவர்களைத் தவிர வேறு நீதிபதி இல்லை என்று கண்டுகொள்கிறான்.

முத்தம், இழுபறி, துப்பல் மூன்றையும் எண்ணிக்கையோடு அமையுங்கள். எங்கே கை படும், எத்தனை நொடி, யார் முதலில் விலகுவார் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிவையுங்கள், காட்சி நாளில் மாற்றம் கிடையாது. எஸ்தேல் இனேஸின் முகத்தில் துப்புவது காற்றும் ஒலியும் மட்டுமே. கதவை நோக்கி இனேஸை இழுக்கும்போது இழுபடுபவரே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பிடி முன்கையில், மணிக்கட்டில் அல்ல. உதட்டுச்சாயத்தை எஸ்தேல் நிஜமாகவே பூச வேண்டும். கண்ணாடி இல்லாமல், இனேஸின் சொல்லை மட்டும் நம்பிப் பூசிப் பழக இரண்டு வாரமாகும். சற்றுக் கோணலாக வருவதுதான் சரி.

உடையில் ஒரு குறிப்பு போதும். கோட்டைக் கழற்ற எஸ்தேல் கார்சேனை விடுவதில்லை, பின்னால் அவன் கழற்றுகிறான். உள்ளே நனைந்த சட்டை தெரியட்டும், அவனுக்குக் காட்சிக்கொரு சட்டை மாற்று வைத்திருங்கள்.

காட்சி நாள்

இடைவேளை விடாதீர்கள். தாமதமாக வருவோரை உள்ளே விடுவதும் கூடாது. கூடத்தின் கதவு திறந்து மூடினால் மேடைக் கதவின் அடைப்பு போய்விடும். இரண்டையும் சீட்டிலேயே அச்சிடுங்கள்.

நடிகர்களுக்கு மேடையில் தண்ணீர் இல்லை. தொடங்க அரை மணி முன்வரை சிறிது சிறிதாகக் குடித்து நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்சாதனத்தைப் பார்வையாளர் வருமுன் நன்றாகக் குளிர்வித்துவிட்டு, ஓடும்போது மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். மௌனங்களில் அதன் இரைச்சல் நடிகரைவிடப் பெரிதாகக் கேட்கும்.

முடிவில் மூவரும் சிரித்து, சிரிப்பு ஓய்ந்து, அவரவர் சோபாவில் சரிகிறார்கள். தொடரச் சொல்லும் கடைசி வசனம் வருகிறது. விளக்கு அணையாத அறை என்று தொண்ணூறு நிமிடம் சொல்லிவிட்டு இங்கே இருட்டாக்கினால் சொன்னதை நாமே மறுக்கிறோம். திரை இருந்தால் வேகமாக இறக்குங்கள், பிரதி கேட்பதும் திரைதான். திரை இல்லாத அரங்கில் மேடை விளக்கை அப்படியே வைத்து, எட்டு நொடியில் கூடத்தின் விளக்கை ஏற்றுங்கள். நடிகர்கள் பார்வையாளரைப் பார்த்தபடி ஐந்து நொடி அமர்ந்திருந்து, பிறகு எழுந்து வணங்கட்டும். கைதட்டல் எப்போது என்று கூடம் தடுமாறுமோ என்ற கவலை வேண்டாம். பணியாளர் கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றால் அதுவே குறி.

மேலாளர் ஒவ்வொரு காட்சிக்கும் ஓட்ட நேரத்தைக் குறிக்கட்டும். மூன்றாம், நான்காம் காட்சியில் நான்கு நிமிடம் கூடியிருந்தால் பெரும்பாலும் காரணம் கடைசிச் சிரிப்பும், கார்சேன் தன் மரண தண்டனையைச் சொல்லும் இடமும்தான். பாராட்டுக் கிடைத்த இடம் மெல்ல வீங்கும். அந்த இரண்டையும் மட்டும் அடுத்த நாள் மாலை அரை மணி ஓட்டி, பழைய நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மேடையேறுங்கள்.